காயாத சட்டை

பட்டாசுக் கம்பெனி வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்கள் போகிறவர்களின் துணியைத் தடவிப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவன் நான். தப்பாக நினைக்க வேண்டாம், அதுதான் என் உத்தியோகம். பெயர் கோட்டைச்சாமி. தாயில்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். காலையில் வேன் வந்து நின்றதும் இறங்குகிறவர்களிடம் தீப்பெட்டி, பீடி, செல்போன் எல்லாவற்றையும் வாங்கிப் பெட்டிக்குள் போட வேண்டும். செருப்பை வெளியே விடச் சொல்ல வேண்டும். அப்புறம் போட்டிருக்கும் துணியின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்க்க வேண்டும். பருத்தி என்றால் உள்ளே. நைலான், பாலியெஸ்டர் என்றால் வீட்டுக்கு. அந்தத் துணி உராய்ந்தால் பொறி கிளம்பும். உள்ளே இருப்பதோ பூராவும் வெடிமருந்து.

ஊரெல்லாம் பளபளப்புத் துணிக்கு மரியாதை. எங்கள் வாசலில் மட்டும் நைந்துபோன பருத்திக்கு மரியாதை. கல்யாண வீட்டில் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி சட்டை போட்டு வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். காக்கி போடுவதற்கு முன்னால் நான் ஆடு மேய்த்தவன். சாத்தூர் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர், "பின்னால போ, பின்னால போ" என்று விரட்டுவார். காக்கி போட்ட முதல் நாள் அதே கண்டக்டர், "உக்காருங்க சார்" என்றார். ராத்திரியோடு ராத்திரியாக எனக்கு அறிவு கூடிவிட்டதாகத் தெரியவில்லை. ஆனால் காலை நன்றாக அகட்டி வைத்துத்தான் உட்கார்ந்தேன்.

இனி அய்யம்மாள்.

எங்கள் ஊர்க் கீழத் தெருக்காரி. புருசன் சோணைமுத்து. ஒரே மகள் இசைவாணி. படிப்பை நிறுத்திவிட்டு அம்மாவோடு கம்பெனிக்கு வந்தவள். இரண்டு பேருக்கும் ஒரே அறையில் வேலை, பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, மருந்து செலுத்துவது. அறைச் சுவரில் பெரிய எழுத்தில் 'ஆட்கள் 4' என்று எழுதியிருக்கும். நாலு பேருக்கு மேல் உள்ளே உட்காரக் கூடாது என்று அர்த்தம். எழுதியதைப் படிக்கத் தெரியாதவர்கள் யாரும் எங்கள் கம்பெனியில் இல்லை. சீசன் வந்தால் மட்டும் எல்லோருக்கும் எழுத்து மறந்துவிடும். தீபாவளி ஆர்டர் நெருக்கும்போது போர்மேன் தங்கச்சாமி ஒரே அறையில் எட்டுப் பேரைத் திணிப்பான்.

அய்யம்மாளுக்கு அது ஆகவே ஆகாது. அவளுடைய தங்கை பத்திரகாளி வேறொரு கம்பெனியில் இப்படி நிறைந்த அறைக்குள்தான் போனாள். தீப்பிடித்தபோது வாசல் பக்கம் இருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து வழியை அடைத்துவிட்டார்கள். பத்திரகாளி உள்பக்கம் உட்கார்ந்திருந்தாள். ஆளைப் பார்த்து அடையாளம் சொல்ல முடியவில்லை. காலில் கிடந்த மிஞ்சியைப் பார்த்துத்தான் அய்யம்மாள் தங்கையை வாங்கி வந்தாள். அன்றிலிருந்து அவள் சாமியிடம் கேட்பதெல்லாம் ஒன்றுதான். தன் மகள் உட்காரும் அறையில் நாலே பேர்தான் இருக்க வேண்டும்.

சாமியிடம் கேட்டது போக, தங்கச்சாமியிடமும் கேட்டுப் பார்த்தாள். "போயி வேலையப் பாரு தாயி, முதலாளிக்கு லோடு ஏத்தணும்" என்பதுதான் எப்போதும் கிடைக்கும் பதில்.

எங்கள் பக்கத்தில் மருந்து வேலைக்குப் போகும் பெண்கள் சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை போட்டுக்கொள்வார்கள். பொடி சேலையில் படியாமல் இருக்க. புருசன் சட்டை, தம்பி சட்டை, மகனுடைய பழைய பள்ளிக்கூடச் சட்டை என்று வேனுக்குள் பார்த்தால் ஊர் ஆம்பளைகள் அத்தனை பேரும் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். அய்யம்மாளுக்குத்தான் அந்த வசதி இல்லை. சோணைமுத்துவிடம் இருந்ததெல்லாம் தேர்த் திருவிழாக் கடையில் வாங்கிய மினுமினுப்புச் சட்டைகள். ஒவ்வொன்றாகப் போட்டு வந்தாள், நானும் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பினேன். கடைசியில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு வேலை பார்த்தாள்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் ஆடி மாதத்தில் மேலத் தெருப் பெரியவர் சுந்தரபாண்டி காலமானார். ஊர் நிலத்தில் நல்லதெல்லாம் அவருடையது. யானை மாதிரி ஆள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடப்பார், யாரைக் கூப்பிட்டாலும் 'ஏலே'தான். உடுத்துவது சுத்தமான வெள்ளைக் கதர், முழுக்கைச் சட்டை. அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் மேலத் தெருவுக்குள் நுழைந்தால் தோளில் கிடக்கும் துண்டை இடுப்புக்கு இறக்க வேண்டும். சட்டை போட்டிருந்தால் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வழக்கமெல்லாம் ஒழிந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. சோணைமுத்துவின் துண்டுக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை. மேலத் தெரு முக்கு வந்ததும் அது தானாக இடுப்புக்கு இறங்கிவிடும்.

கருமாதி முடிந்ததும் பெரியவர் சம்சாரம் ராமுத்தாய், அவருடைய துணிமணிகளைப் பண்ணையில் வேலை பார்த்தவர்களுக்கு எடுத்துக் கொடுத்தார்கள். "உழைச்ச வீட்டுக்குத்தான் போகணும். கூச்சப்படாமப் போட்டுக்க சோணைமுத்து" என்று ஒரு சட்டை இவனுக்கு வந்தது. கோயில் பிரசாதம் மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான்.

"போட்டா என்னவாம்?" என்று அய்யம்மாள் கேட்டிருக்கிறாள்.

"அவுக சட்டைக்குள்ள நான் எப்பிடிடீ போறது?"

"நீங்க போகாட்டிப் போங்க. நான் போறேன்" என்று பெட்டியைத் திறந்துவிட்டாள்.

அவள் அந்தச் சட்டையோடு முதல் நாள் வேனைவிட்டு இறங்கியது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. சட்டை முழங்காலைத் தொட்டது. கை நீளம். மடித்துவிட்டால் சரிந்து சரிந்து இறங்கியது. சரியாமல் இருக்க இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நடந்து வந்தாள். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த வெள்ளையும் அந்த நடையும் வாசலை நோக்கி வந்தபோது நான் ஸ்டூலைவிட்டு எழுந்து நின்றிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது.

"என்னண்ணே, எந்திரிச்சு நிக்கீக?" என்றாள்.

"துணி பாக்கணும்ல" என்று சமாளித்து ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தேன். நயம் பருத்தி. "போங்க" என்றேன். அதற்கு முன்னால் அவளை நான் "போ தாயி" என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

அன்று மத்தியானம் தங்கச்சாமி வழக்கம் போல இன்னும் நாலு பேரை அறைக்குள் கூட்டி வந்தான். தங்கச்சாமி யாரென்றால், சின்ன வயசில் பெரியவர் வீட்டு மாட்டை மேய்த்தவன். மாட்டை வெள்ளாமையில் விட்டுவிட்டுத் தூங்கி, பெரியவர் கையால் முதுகில் வாங்கியவன். இப்போது மீசையும் விசிலுமாகப் போர்மேன். அவன் வாசலில் நிழலாடவும் அய்யம்மாள் எழுந்தாள். சட்டைக் கை மருந்தில் படாமல் இருக்கப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"யாரக் கேட்டுலே கூட்டியாந்த?"

அந்த 'லே' எங்கிருந்து வந்தது என்று பிற்பாடு அவளிடமே கேட்டேன். "எனக்குத் தெரியலண்ணே, சட்டைக்குள்ளதான் கெடந்துச்சு" என்றாள்.

தங்கச்சாமி ஒரு எட்டுப் பின்னால் போனான். "இல்லங்க... ஆர்டரு..." என்று இழுத்தான். அப்புறம் அந்த நாலு பேரையும் டப்பா ஒட்டும் கொட்டகைக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டான். கொஞ்ச தூரம் போன பிறகுதான் அவனுக்குத் தான் போர்மேன் என்பது ஞாபகம் வந்திருக்கும். திரும்பி வந்து திட்டுவதற்கு வெட்கமாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து அந்த அறையில் நாலே பேர்தான். வேன் டிரைவர் முன்சீட்டை அய்யம்மாளுக்கு ஒதுக்கினான். டீக்கடைக்காரர் மூன்று பேரைத் தள்ளிவிட்டு அவளுக்கு முதல் கிளாஸ் நீட்டினார். வீட்டில் நடந்ததுதான் உச்சம். சாயங்காலம் அவள் படலைத் திறந்தால் சோணைமுத்து கட்டிலைவிட்டு எழுந்து துண்டை இடுப்பில் கட்டிவிடுவானாம். அவள் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்ட பிறகுதான் மறுபடி புருசனாகி, "காப்பி போடலையா?" என்று அதட்டுவானாம்.

இதெல்லாம் அவளுக்குப் பிடித்திருந்தது. பிடிக்காமல் என்ன? அங்கேதான் ஒரு தப்பும் செய்தாள். மற்ற பெண்கள் வேலை முடிந்ததும் மருந்துச் சட்டையைக் கழற்றி உதறிக் கம்பெனியிலேயே போட்டுவிட்டு வருவார்கள். இவள் மட்டும் அதோடேயே வேனில் ஏறினாள்.

"பொடியும் மருந்துமா ஊருக்குள்ள போட்டுட்டுப் போகாத, எவனாவது பீடியோட வருவான்" என்று வாசலில் மறித்துச் சொன்னேன்.

"வீட்டுக்குள்ள போட மாட்டேண்ணே. தெருவு வரைக்கும்தான். அம்புட்டு மரியாதை குடுக்காக" என்று சிரித்தாள். நான் காக்கியோடு பஸ்ஸில் காலை அகட்டினவன். எந்த முகத்தோடு மேற்கொண்டு சொல்வது?

ஒரு திங்கட்கிழமை சட்டை ஈரமாக இருக்கிறதென்று பழைய துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள். தங்கச்சாமி அவளை மேலும் கீழும் பார்த்தான். பத்து நிமிஷத்தில் அறையில் எட்டுப் பேர். அவளும் எழுந்து, "யாரக் கேட்டு..." என்று அதே வார்த்தையைத்தான் ஆரம்பித்தாள். "உக்காரு தாயி, உக்காரு" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான். அன்று பூராவும் அவள் மகளை வாசல் ஓரத்தில் உட்கார வைத்துவிட்டு, தான் உள்மூலையில் உட்கார்ந்துகொண்டாள். சாயங்காலம் வெளியே வரும்போது முகம் வெளுத்திருந்தது. "இனிமே ஞாயித்துக்கிழமை விடியவே தொவச்சுரணும்ண்ணே" என்று மட்டும் சொன்னாள்.

இந்தச் சமயத்தில் பஞ்சாயத்து எலெக்சன் வந்தது. பெரியவர் மகன் பால்பாண்டி தலைவருக்கு நின்றான். மதுரையில் படித்தவன், ஜீன்ஸும் கூலிங்கிளாஸுமாகத் திரிந்தவன். எலெக்சனுக்காகக் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை டஜன் கணக்கில் தைத்திருந்தான். ஒன்றும் எடுபடவில்லை. "என்ன இருந்தாலும் அவுக அப்பா மாதிரி வராது" என்று போகிற இடமெல்லாம் சொன்னார்கள். கூடவே, அப்பா சட்டை இப்போது கீழத் தெரு அய்யம்மாள் மேல் இருக்கிறது, அதற்குப் போர்மேனே நடுங்குகிறான் என்ற கதையும் அவன் காதுக்குப் போய்விட்டது.

வெயில் சாயும் நேரம் எங்கள் வேன் ஊருக்குள் வந்தபோது பால்பாண்டியின் ஊர்வலம் கீழத் தெருவில் நின்றது. ஆட்டோவில் மைக், மாலை, கூட்டம். தங்கச்சாமி கம்பெனியிலிருந்து ஒரு பெரிய சரவெடிச் சுருளைக் கொண்டுவந்து தெரு நெடுகப் பிரித்துக்கொண்டிருந்தான். ஆரத்தித் தட்டோடு பெண்கள் வரிசையாக நின்றார்கள். அய்யம்மாள் அந்தச் சட்டையோடு வேனைவிட்டு இறங்கினாள்.

பால்பாண்டி பார்த்துவிட்டான். நேரே அவளிடம் வந்து கும்பிட்டான். "அய்யம்மாக்கா, இது எங்க அப்பா சட்டை. இந்தச் சட்டையோடதான் நான் ஓட்டுக் கேக்கணும். குடுத்துருங்க" என்றான். ஜனம் கை தட்டியது. மைக் பிடித்தவன், "பெரியவர் சட்டையில் உழைக்கும் மக்களின் வேர்வை!" என்று முழங்கினான்.

அய்யம்மாள் அசையவில்லை. அவள் எதை நினைத்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். சட்டை போனால் நாளைக்கு அறையில் எட்டுப் பேர். இசைவாணி கூட்டத்துக்குள் நின்று அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோணைமுத்து முந்திக்கொண்டு, "குடுத்துருடீ, அவுக சொத்து" என்று அவளுடைய தோளிலிருந்தே உரித்துக் கொடுத்துவிட்டான். "அய்யா, பூராவும் மருந்துங்க, தொவச்சுக் குடுக்கேன்" என்று அவள் சொன்னது மைக் சத்தத்தில் போன இடம் தெரியவில்லை. பால்பாண்டி அதைத் தன் கஞ்சிச் சட்டைக்கு மேலேயே தலைவழியாக மாட்டினான். அவனுக்கும் அது முழங்கால் வரை வந்தது. சட்டையில் படிந்திருந்த அலுமினியப் பொடி சாயங்கால வெயிலில் மினுமினுத்தது. "பெரியவரே வந்தாப்ல இருக்கு!" என்று ஒரு கிழவர் கண்ணைத் துடைத்தார்.

ஆரத்தித் தட்டில் சூடம் ஏற்றினார்கள்.

 அய்யம்மாள் கத்தினாள்: "தட்டை நிறுத்துங்கடி!" யார் காதிலும் விழவில்லை. தட்டு அவன் நெஞ்சுக்கு நேரே உயர்ந்துகொண்டிருந்தது. தங்கச்சாமி திரியில் வைப்பதற்குப் பத்தியோடு குனிந்துவிட்டான். மைக் பிடித்தவன் மூச்சு வாங்குவதற்காக ஒரு நொடி நிறுத்தினான்.

"ஏலே பால்பாண்டி! சட்டையக் களட்டுலே!"

தெருவே நின்றுபோனது. தட்டு நின்றது. சேலையும் பின்னால் கட்டிய கையுமாக அய்யம்மாள் நின்றாள். சட்டை கிடையாது, ஆனால் கை பழக்கத்தில் பின்னால் போய்விட்டது. பால்பாண்டி அந்தக் குரலைச் சின்ன வயசில் எத்தனை தடவை கேட்டிருப்பானோ.  சட்டையைப் பிடித்துத் தலைவழியாக இழுத்தான். இழுத்த வேகத்தில் உள்ளே இருந்த கஞ்சிச் சட்டையும் சேர்ந்து வந்துவிட்டது. எங்கள் அப்பன் பாட்டன் மேலத் தெருவில் எப்படி நின்றார்களோ, அதே மாதிரி சுந்தரபாண்டி மகன் கீழத் தெரு நடுவில் வெற்றுடம்போடு, கக்கத்தில் சட்டையோடு நின்றான்.

சந்தோசமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். பயந்துகொண்டேதான் சந்தோசப்பட்டேன்.

அய்யம்மாள் தட்டில் எரிந்த சூடத்தை ஊதி அணைத்தாள். அவனிடமிருந்து சட்டையை வாங்கிப் பையை வெளியே இழுத்து உதறினாள். ஒரு கைப்பிடி மருந்து பொலபொலவென்று மண்ணில் விழுந்தது. அதைப் பார்த்ததும் தங்கச்சாமி பத்தியைக் கீழே போட்டு மிதித்தான். பால்பாண்டி அந்த மருந்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கும்பிட்டான். இந்தத் தடவை ஓட்டுக்காக இல்லை என்று நினைக்கிறேன். "நீங்களே வச்சுக்கங்கக்கா" என்றான். அவள் சட்டையைக் குழாயடிக் குடத்துக்குள் அமுக்கினாள்.

மறுநாளே சுவரெல்லாம் போஸ்டர்: 'மக்களுக்காகச் சட்டையைக் கழற்றிய தலைவர்.' வெற்றுடம்புப் போட்டோ. நல்ல ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தான்.

எனக்குக் கவலை எலெக்சனில் இல்லை. மறுநாள் காலை அய்யம்மாள் பழைய துண்டைச் சுற்றிக்கொண்டுதான் வந்தாள். உள்ளே தங்கச்சாமி அவளோடு சேர்த்து எட்டு என்று கணக்குப் பண்ணி ஏற்கெனவே ஏழு பேரை உட்கார வைத்திருந்தான். அவள் அறை வாசலில் போய் நின்றாள்.  தங்கச்சாமி அவளைப் பார்த்தான், துண்டைப் பார்த்தான், மறுபடி முகத்தைப் பார்த்தான்.

"எக்கா... சட்டை எங்க?"

"காயிது."

 அவன் நாலு பேரை வெளியே கூப்பிட்டான்.

அடுத்த நாளும் அதே கேள்வி, "இன்னும் காயல" என்று அதே பதில். அதற்கடுத்த நாளும் அப்படியே. எங்கள் பூமியில் அலசிப் போட்ட வேட்டி ஒரு பீடி குடித்து முடிப்பதற்குள் முறுகிவிடும். அந்த வருஷம் மழையும் பிந்திவிட்டது. தங்கச்சாமிக்கு அது தெரியாமல் இல்லை. ஆனாலும் தீபாவளி வரைக்கும் தினமும் கேட்டான், தினமும் தலையாட்டினான், தினமும் அந்த அறையில் நாலு பேர்தான். போகப் போக மற்ற அறைப் பெண்களும் வாசலில் நின்றுகொண்டு, "அய்யம்மாக்கா சட்டை காஞ்சுருச்சா?" என்று அவன் காதுபடக் கேட்க ஆரம்பித்தார்கள். அந்த அறைகளிலும் கூட்டம் குறைந்தது.

தீபாவளியன்று காலையில் பலகாரம் கொடுக்க அவள் வீட்டுக்குப் போனேன். இசைவாணி புதுச் சேலையில் வாசலில் நின்றாள், மினுமினுவென்று ஒரு பாலியெஸ்டர் சேலை. அன்று எனக்கு லீவு, ஒன்றும் சொல்லவில்லை. முற்றத்துக் கொடியில் அந்தச் சட்டை தொங்கியது. நாள்கணக்கில் வெயில் தின்று அப்பளம் மாதிரி விறைத்துக் கிடந்தது. பழக்க தோஷம், கிட்டே போய் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தேன். மொறுமொறுவென்றது.

அய்யம்மாள் அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். "இன்னும் காயலண்ணே" என்றாள்.

நான் இன்னொரு தடவை தேய்த்துப் பார்த்தேன்.

"ஆமா தாயி" என்றேன். "நல்ல ஈரமாத்தான் இருக்கு."